பெரியப்பா கோட்டு போட்ட வண்டி

நீலகிரியில் கட்டபெட்டு டீக்கடை முன்னால் வண்டியை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் பெஞ்சில் இருந்த மூன்று பேருக்குள் பஞ்சாயத்து முடிந்திருந்தது. ஒருவர் "எட்டு லட்சம் இருக்கும்" என்றார். இன்னொருவர் "எட்டு லட்சம் குடுத்து எவனாச்சும் பூரானை வாங்குவானா?" என்றார். மூன்றாமவர் வயசானவர். எழுந்து வந்து பக்கவாட்டு மூடியை விரலால் தட்டிப் பார்த்து, "பிளாஸ்டிக்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார். நான் வர்க்கியை டீயில் நனைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். ஆறு வருடமாக இதைத்தான் கேட்கிறேன்.

வண்டி சுஸுகி இன்ட்ரூடர் 150. 2017 நவம்பரில் இந்தியாவில் வந்தது. 2018இல், கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலை அளந்து தெளிக்கிற ஃப்யூல் இன்ஜெக்‌ஷன் போட்டு விட்டார்கள். என்னுடையது அந்த இன்ஜெக்‌ஷன் மாடல், கறுப்பு, கோயம்புத்தூரில் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. இப்போது இந்த வண்டி உற்பத்தியில் இல்லை. எட்டு லட்சமும் இல்லை. புதிதாக வந்தபோதே ஷோரூம் விலை ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் கீழேதான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அசிங்கம் என்று சொல்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. முன்பக்கம் முக்கோண முகம். டாங்க்குக்கு இரண்டு பக்கமும் முறம் மாதிரி விரிந்த மூடி. அந்த மூடிக்குக் கீழே குனிந்து தேடினால்தான் இன்ஜின் கிடைக்கும். சைலன்ஸருக்கு இரண்டு வாய், உள்ளே இருப்பதோ ஒரே சிலிண்டர். என் மனைவியின் அண்ணன் முதல்முறை பார்த்தபோது வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "மாப்ள, இது வண்டியா, இல்ல வண்டிக்குப் போட்ட கவரா?" என்றார். அதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை.

ஏன் இப்படி இருக்கிறது என்பதற்குக் காரணம் உண்டு. இதே கம்பெனியின் பெரிய அண்ணன் ஒருவன் இருக்கிறான், எம்1800ஆர். 1783 சிசி, இரண்டு சிலிண்டர், 347 கிலோ, பின் டயர் மட்டும் 240 மில்லிமீட்டர் அகலம். முன் சக்கரத்தின் நடுவிலிருந்து பின் சக்கரத்தின் நடுவுக்கு 1710 மில்லிமீட்டர். அந்த நீளத்துக்கு அந்த முகம் பொருந்தும். இங்கே இதே கம்பெனியின் சாதா பைக்கான ஜிக்ஸரின் 155 சிசி இன்ஜினை எடுத்து, சக்கர இடைவெளியை 1405 மில்லிமீட்டராக வைத்து, அண்ணனின் முகத்தையும் தோளையும் அப்படியே மேலே மாட்டிவிட்டார்கள். பெரியப்பா கோட்டைப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்கு வந்த ஆறாங்கிளாஸ் பையன் மாதிரி ஆகிவிட்டது. தோள் தொங்குகிறது, கை வெளியே தெரியவில்லை. சிரிப்பு வரத்தான் செய்யும்.

போதாததற்கு, 2005இல் பஜாஜ் அவெஞ்சர் வந்ததிலிருந்து க்ரூஸர், அதாவது காலை முன்னால் நீட்டி உட்கார்ந்து ஓட்டுகிற வண்டி, என்றால் நீளமாக, தாழ்வாக, குரோம் பளபளப்போடு இருக்கும் என்று நம் கண் பழகிவிட்டது. பழகிய கண்ணுக்கு இது குட்டை.

அந்தக் குட்டைதான் எனக்கு வேண்டியதாக இருந்தது.

நான் ஐந்தடி மூன்றங்குலம். கோத்தகிரிப் பக்கம் ஒரு டீ ஃபேக்டரியில் கணக்கு எழுதுகிறேன், வாரம் இரண்டு தடவையாவது குன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் போய்வர வேண்டும். இதற்கு முன் இருந்தது உயரமான வண்டி. நின்றால் கட்டைவிரல் நுனிதான் தரையைத் தொடும். சமவெளியில் அதை வைத்துச் சமாளிக்கலாம். மலையில் என்ன ஆகும் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கல்லாறு தாண்டி குன்னூர் போய்ச் சேர்வதற்குள் 14 கொண்டை ஊசி வளைவு. நீங்கள் ஏறுகிறீர்கள், இடது பக்கம் திரும்பும் வளைவு, உள்பக்கம் நீங்கள். ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை என்பது சட்டம். ஆனால் எதிரே இறங்குகிற பஸ்ஸுக்கு வளைய இடம் வேண்டுமே, அதற்குச் சட்டம் தெரியாது. நீங்கள் நின்றாக வேண்டும். வளைவின் உள்பக்கம் ரோடு சரிந்திருக்கும், வலது பக்கத்தைவிட இடது பக்கம் நாலு விரற்கடை பள்ளம். இடது காலை ஊன்றப் போகிறீர்கள், தரை அங்கே இல்லை. அந்த அரை நொடியில் வண்டி சாய ஆரம்பித்தால் நிறுத்த யாராலும் முடியாது. நான் விழுந்தேன். டூரிஸ்ட் வேனில் இருந்த பிள்ளைகள் கைதட்டினார்கள்.

அடுத்த மாதமே அந்த வண்டியை விற்றுவிட்டு, கையில் டேப்பை எடுத்துக்கொண்டு வண்டி பார்க்கப் போனேன். அழகை அளக்கவில்லை, சீட்டை அளந்தேன். மச்சான் வைத்திருப்பது ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350. எங்கள் ஊரில் அதுவும் புல்லட்தான். சீட் உயரம் 805 மில்லிமீட்டர், எடை 195 கிலோ. எனக்கு ஆகாது. அவெஞ்சர் 220 சீட் 737தான், கால் சப்பென்று ஊன்றுகிறது. ஆனால் சக்கர இடைவெளி 1490. நீளமான வண்டியை இறுக்கமான வளைவில் திருப்ப ரோட்டில் அகலம் வேண்டும். அந்த அகலத்தில்தான் பஸ் வருகிறது. இன்ட்ரூடர் சீட் 740, இடைவெளி 1405, எடை 148 கிலோ. க்ரூஸரின் தாழ்வு, சாதா பைக்குக்குப் பக்கத்தில் வருகிற நீளம். முகம் கோணியதும் வளைவில் மடங்கியதும் ஒரே கணக்கால்தான். நீளத்தைக் கூட்டியிருந்தால் அழகாக இருந்திருக்கும், நான் வாங்கியிருக்க மாட்டேன்.

"150 சிசி மலைக்குப் பத்துமா?" என்று கேட்பார்கள். பத்தாதுதான். கம்பெனி சொல்வது 14.8 குதிரைத்திறன். நம் மலை உயரத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இன்ஜின் இழுக்கிற காற்று குறைந்தால் சக்தியும் அதே அளவு போகும், பன்னிரண்டுதான் மிஞ்சும். பழைய கார்புரேட்டர் வண்டி என்றால் காற்று குறைந்ததைக் கவனிக்காமல் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும், பிளக் கறுத்துப்போகும். இன்ஜெக்‌ஷன் வண்டி காற்றை அளந்து பெட்ரோலைக் குறைத்துக்கொள்கிறது. காலையில் குளிரிலும் ஒரே அமுக்கில் கிளம்புகிறது. ஆளை ஏற்றிக்கொண்டு இரண்டாம் கியரில் முனகிக்கொண்டே ஏறும். அவசரக்காரர்கள் தாண்டிப் போகட்டும்.

குறையே இல்லையா என்றால், உண்டு. அதை யாரும் பேசுவதில்லை என்பதுதான் என் வருத்தம். எல்லோரும் முகத்தையே பார்க்கிறார்கள், கால் வைக்கிற இடத்தை ஒருவரும் பார்ப்பதில்லை. க்ரூஸர் என்பதால் கால்கட்டை முன்னால் தள்ளி இருக்கிறது. இறக்கத்தில் அது நல்லது, பிரேக் பிடிக்கும்போது உடம்பு முன்னால் சறுக்காமல் காலால் முட்டுக்கொடுத்துக்கொள்ளலாம். ஆனால் மழைக்காலம் முடிந்து ரோடு பெயர்ந்திருக்கும்போது குழி வந்தால், சாதா பைக்கில் லேசாக எழுந்து நின்று குழியைக் காலில் வாங்கிவிடுவோம். இதில் எழ முடியாது. மொத்தமும் நேராக முதுகுத்தண்டின் அடிக்குப் போகும். இது எந்த க்ரூஸருக்கும் உள்ள கதை. மலையில் க்ரூஸர் வாங்க நினைக்கிறவர்கள் போட்டோவைப் பார்த்துத் தயங்காதீர்கள், முதுகைக் கேட்டுப் பாருங்கள்.

அம்மாவுக்கு வண்டி பிடித்திருக்கிறது. முட்டிவலி. மச்சானின் புல்லட்டில் ஏற ஒரு கல் தேட வேண்டும். இதில் புடவையோடு ஒருபக்கமாக அப்படியே உட்கார்ந்துவிடுகிறார். கோத்தகிரி ஜி.எச்.சுக்கு மாத்திரை வாங்கப் போகும்போது, "மத்த வண்டியெல்லாம் குதிரை, இது திண்ணை" என்பார்.

காட்டுமாடு கதையையும் சொல்லிவிடுகிறேன். போன மார்கழியில் சாயங்காலம் ஆறு மணிக்கு, மிஸ்ட் இறங்கி தூரத்தில் எதுவும் தெரியவில்லை. டீத்தோட்டத்து வளைவில் ஹெட்லைட் வெளிச்சத்தில் முதலில் தெரிந்தது நாலு வெள்ளைக் கால். வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி இருக்குமே, அதேதான். அப்புறம்தான் மேலே மலை மாதிரி திமில். தனி ஆண். ஹாரன் அடிக்கக் கூடாது, இன்ஜினை முறுக்கக் கூடாது, இங்கே பிறந்தவனுக்குச் சொல்லித்தர வேண்டாம். இன்ஜினை அணைத்துவிட்டு, உட்கார்ந்தபடியே இரண்டு காலாலும் தரையைத் தள்ளித் தள்ளி பின்னால் நகர்ந்தேன். பதினைந்தடி இருக்கும். கட்டைவிரல் நுனியில் நின்றுகொண்டு அதைச் செய்திருக்க முடியாது. அது என்னைப் பார்த்தது, வண்டியைப் பார்த்தது, மெதுவாகத் தேயிலைக்குள் இறங்கிப் போனது. முன்பக்கம் அவ்வளவு பாரம், பின்பக்கம் ஒல்லி. ரோட்டில் நின்ற இரண்டுக்கும் சாடை இருந்தது என்று அன்றைக்குத்தான் கவனித்தேன்.

இவ்வளவு எழுதக் காரணம் வேறு. இரண்டு வாரம் முன்னால் வீட்டு முன்னால் சரிவில் வண்டியை நியூட்ரலில் போட்டு சைடு ஸ்டாண்டில் நிறுத்திவிட்டேன். முழுக்க என் தப்பு. சரிவில் கியரில் நிறுத்த வேண்டும் என்று ஊருக்கே சொல்கிறவன் நான். பால் வாங்கி வருவதற்குள் உருண்டு, ஸ்டாண்டு மடங்கி, இடது பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. முறம் இரண்டாகப் பிளந்துவிட்டது. மெக்கானிக் தம்பி சால்டரிங் அயர்னைக் காய்ச்சி, உள்பக்கம் கம்பி வலையை வைத்து உருக்கி ஒட்டி, மேலே எம்-சீல் பூசி, கையில் இருந்த கறுப்பை அடித்துக் கொடுத்தான். பிடித்துக்கொண்டது. ஆனால் கறுப்பில் எத்தனை கறுப்பு என்று இப்போது தெரிகிறது. டீக்கடைப் பெரியவர் நேற்று தட்டியது சரியாக அந்த இடத்தில்தான்.

உற்பத்தி நின்றுபோன வண்டிக்குப் பிளாஸ்டிக் கிடைப்பது லேசில்லை. உக்கடம் பழைய சாமான் கடைகளில் ஒரு சுற்று தேடிவிட்டேன், கிடைத்தது வெள்ளி நிறத்தில் வலது பக்கம் மட்டும். கோவை, திருப்பூர், ஈரோடு நண்பர்கள் யாரிடமாவது 2018 மாடல் இன்ட்ரூடரின் இடது பக்க டாங்க் கவர், கறுப்பு, இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். விலையை மட்டும் சொன்னால் போதும், முகத்தைப் பற்றிய கருத்து கட்டபெட்டிலேயே நிறைய கிடைக்கிறது.