பச்சையா தெரிஞ்சா மட்டும் போதுமா?

கடலூர்லேந்து எழுதறேன். சேட்டிலைட் படத்துல ராஜஸ்தான், குஜராத் பக்கம் பச்சை கூடிருக்கு, அதனால பாலைவனமாகறது கொறையுதுன்னு உங்க கட்டுரைல முடிச்சிருக்கீங்க, அத அப்படியே ஏத்துக்க முடியல. சேட்டிலைட் படத்துல பச்சைய அளக்கற என்டிவிஐங்கற குறியீடு, இலை சிவப்பு ஒளிய உறிஞ்சிக்கிட்டு அகச்சிவப்ப திருப்பி அனுப்பறத வச்சு போடற கணக்கு, அது புல்லா முள்ளான்னு அதுக்கு தெரியாது. குஜராத் கட்ச்ல இருக்கற 'பன்னி'ங்கற புல்வெளிய பாருங்க, உப்பு பரவறத தடுக்கணும்னு 1960கள்ல வனத்துறை போட்ட வேலிக்காத்தான், அதான் சீமைக்கருவேலம், இப்ப புல்ல அழிச்சுட்டு நிக்குது, மாடு மேய்க்கறவங்களுக்கு அது போன நிலம், மேலேந்து பாத்தா நல்ல பச்சை!

ஒரு வருஷம் பச்சை கொறஞ்சாலும் உடனே பாலைவனம்னு சொல்லிட முடியாது. 2011 டிசம்பர்ல தானே புயல் அடிச்சு எங்க பண்ருட்டி பக்கம் முந்திரித் தோப்பெல்லாம் சாஞ்சுதே, அடுத்த வருஷ படத்த மட்டும் பாத்தா என்ன நெனப்பாங்க? 1972லேந்து இருக்கற லேண்ட்சாட் சேட்டிலைட் படங்கள வரிசையா வச்சு மழைக் கணக்கயும் சேத்து பாக்கணும், நல்லா மழை பெஞ்சும் பச்சை ஏறலன்னா அங்க மண்ணத்தான் மொதல்ல சந்தேகப்படணும். பாலைவனமாகறது, நிலம் சீரழியறது பத்தின இஸ்ரோவோட 2021 அட்லஸ்ல நாட்டோட நிலப்பரப்புல 29.77 சதவீதம் சீரழிஞ்சிருக்குன்னு இருக்கு, அதுல தண்ணி அரிப்பு, காத்து அரிப்பு, உப்புன்னு காரணம் வாரியா பிரிச்சும் போட்டிருக்காங்க. அடுத்த பகுதில தயவுசெஞ்சு அந்த மேப்பயும் சேருங்க.