விடைக்கோழியை அவசரப்படுத்த வேண்டாம்

"அஞ்சு மாசம் ஆச்சு, இன்னும் முட்டைக்கு வரலையே, என்ன கொடுக்கலாம்?" கோழி வளர்க்கத் தொடங்கிய எல்லோரும் விடைக்கோழியைப் பற்றி, அதாவது இன்னும் முட்டையிடத் தொடங்காத இளம் பெட்டைக்கோழியைப் பற்றி, கேட்கிற கேள்வி இது. என் பதில் ஒன்றுதான்: எதுவும் கொடுக்காதீர்கள், காத்திருங்கள்.

முட்டைக்கென்றே உருவாக்கிய கலப்பினங்கள் 18 முதல் 22 வாரத்துக்குள் இடத் தொடங்கிவிடும். கனத்த உடல்வாகுள்ள இனங்கள் ஆறு மாதம் தாண்டியும் இடாமல் இருக்கலாம். அது நோயும் இல்லை, குறையும் இல்லை.

அந்தக் காத்திருப்புக்குள் நடக்கிற வேலையைத் தெரிந்துகொண்டால் யாருக்கும் அவசரப்படுத்த மனசு வராது. முதல் முட்டைக்கு ஏறக்குறைய இரண்டு வாரம் முன்பே கால் எலும்புகளின் உள்குழியில் புதிதாக ஒரு எலும்புத் திசு வளரத் தொடங்குகிறது. முட்டை ஓட்டுக்கான கால்சியத்தைக் கோழி அங்கேதான் சேர்த்து வைக்கிறது. ஒரு முட்டை ஓட்டுக்குச் சுமார் 2 கிராம் கால்சியம் வேண்டும். ஓடு படிய ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகும். அதில் பெரும்பகுதி கோழி எதுவும் தின்னாமல் உறங்குகிற இரவு. அந்த நேரத்தில் எலும்பிலிருந்துதான் எடுத்தாக வேண்டும். சேமிப்பே இல்லாத உடம்பிலிருந்து எதை எடுப்பது?

முட்டைக்கோழித் தீவனத்தை முன்கூட்டியே போட்டால் சீக்கிரம் இடும் என்று சொல்பவர்கள் மீது எனக்குக் கோபமே வருகிறது. அதில் 3.5 முதல் 4 சதவீதம் கால்சியம் இருக்கும்; வளரும் கோழிக்கு 1 சதவீதம் போதும். மிச்சத்தை வெளியேற்றப் போராடி அந்தச் சின்னச் சிறுநீரகம் கெட்டுப்போகும். விளக்குப் போட்டுப் பகலை நீட்டுவதும் அப்படித்தான். வெளிச்சம் முட்டையைத் தூண்டும், உண்மை. ஆனால் உடம்பு முற்றாமல் இட ஆரம்பிக்கும் கோழிக்கு முட்டைக்குழாய் வெளியே தள்ளிக்கொள்ளும் ஆபத்து அதிகம். சிவப்பாகத் தெரிவதை மற்ற கோழிகள் கொத்திவிடும். அந்த வேதனையைப் பார்த்தவர்கள் பிறகு விளக்கைத் தொட மாட்டார்கள்.

காலம் வந்தால் கோழியே காட்டிக்கொடுக்கும். வெளிறிக் கிடந்த கொண்டையும் தாடியும் ரத்தச் சிவப்பாகும். கிட்டே போனால் இறக்கையை லேசாக விரித்துப் பதுங்கி உட்காரும். கேறிக்கொண்டே மூலை மூலையாக இடம் தேடும். அப்போது தீவனத்தை மாற்றுங்கள். நொறுக்கிய கிளிஞ்சலைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், வேண்டியதை அதுவே கொத்திக்கொள்ளும். இருட்டான மூலையில் வைக்கோல் போட்ட பெட்டி ஒன்றும், அதில் ஒரு மர முட்டையும் இருந்தால் இடம் பழகிவிடும்.

முதல் முட்டைகள் சின்னதாக இருக்கும். கெட்டி ஓடில்லாத தோல்முட்டை, இரட்டைக் கரு, ஓட்டில் ரத்தக்கீற்று என்று என்னென்னவோ வரும்; சில வாரத்தில் சரியாகிவிடும். ஆனால் ஒரு கோழி வாலைத் தொங்கப்போட்டுக் கூனி நின்று, முட்டை வராமல் முக்கிக்கொண்டே இருந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.