மோட்டார் ஓடினால் மட்டும் போதாது

நிலத்தடி நீரில் கலந்த நஞ்சை மோட்டார் வைத்து இறைத்துச் சுத்தம் செய்வது பற்றிய நேற்றைய கூட்டத்தில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். "கரண்ட் கணக்கு பேசுகிறவர்கள் மாசு செய்தவனுக்குத்தான் வக்காலத்து வாங்குகிறார்கள்" என்று என் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். இரவு தூக்கம் வரவில்லை.

நான் கேட்டது ஒன்றுதான். எத்தனை லிட்டர் இறைத்தோம் என்று பார்க்காதீர்கள். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எத்தனை கிராம் நஞ்சு வெளியே வந்தது என்று பாருங்கள். இதில் வக்காலத்து எங்கே வந்தது?

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இப்படி ஓர் இடத்தில் இருந்தேன். தேவைக்கு மிஞ்சிய மோட்டார். அழுத்தத்தைக் குறைக்க வால்வைப் பாதி மூடி வைத்திருந்தார்கள். குழாயில் கை வைத்தால் அதிரும். முதலில் நஞ்சின் அளவு மளமளவென்று இறங்கியது, அப்புறம் ஒரே இடத்தில் நின்றுவிட்டது. பழுது பார்க்க மோட்டாரை நிறுத்தியபோது, சில மாதங்களில் கண்காணிப்புக் கிணற்றில் மறுபடி ஏறியது. காரணம் களிமண். மணலில் இருப்பதை மோட்டார் இழுத்துவிடும். களிமண்ணில் ஊறிய ட்ரைகுளோரோஎத்திலீன், அதாவது ஆலைகளில் பிசுக்கு நீக்கும் குளோரின் கரைப்பான், தன் போக்கில்தான் கசியும். எவ்வளவு வேகமாக இறைத்தாலும் அது அவசரப்படாது. நாங்கள் இரவு பகலாக இறைத்ததில் பெரும்பகுதி, நஞ்சு அதிகம் இல்லாத தண்ணீர்.

இது என் அனுபவம் மட்டும் இல்லை. 1994-இல் அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழு இறைத்துச் சுத்திகரிக்கும் 77 இடங்களைப் பார்த்தது. 69 இடங்களில் இலக்கு எட்டப்படவில்லை. சூப்பர்ஃபண்ட் என்ற அரசுத் திட்டத்தில் சுத்தம் செய்யப்படும் மாசு இடங்களில் ஐந்து சுத்திகரிப்பு முறைகளுக்கு மட்டும் 2008 முதல் 2030 வரை 1,400 கோடி யூனிட் மின்சாரத்துக்கு மேல் ஆகும் என்று அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமையே கணக்கிட்டது. பெரும்பங்கு இறைப்புக்குத்தான்.

"நஞ்சு குடிநீர்க் கிணற்றை நோக்கி வரும்போதும் மீட்டரைப் பார்ப்பீர்களா?" மாட்டேன். அங்கே மோட்டார் ஓடியே ஆக வேண்டும். சரியான அளவு மோட்டாராக இருக்கட்டும் என்கிறேன், அவ்வளவுதான். மண்ணைத் தோண்டி லாரியில் ஏற்றிவிடலாம் என்பவர்களுக்கு: அந்த மண் இன்னொருவர் வீட்டுப் பக்கம்தான் போய் இறங்கும்.

"நுண்ணுயிர் பார்த்துக்கொள்ளும் என்று கைகழுவச் சொல்கிறீர்கள்." இதுதான் என்னை மிகவும் சுட்டது. மண்ணில் வாழும் டிஹாலோகாக்காய்டிஸ் பாக்டீரியா இந்த நஞ்சிலிருந்து குளோரினை ஒவ்வொன்றாகக் கழற்றி, கடைசியில் தீங்கற்ற எத்திலீனாக மாற்றிவிடும். ஆனால் பாதியில் நின்றால் வினைல் குளோரைடு மிஞ்சும். அது புற்றுநோய் தரும். அதனால் இந்த வழியில் போகிறவர்தான் விடாமல் பரிசோதிக்க வேண்டும். நஞ்சைச் சிதைக்க நிலத்துக்குள் நிறுத்தும் இரும்புத் துகள் சுவரும் அப்படித்தான். நிலத்தடி நீர் தானாகவே அதன் வழியே போகும், மோட்டார் வேண்டாம். ஆனால் சுவர் அடைத்துக்கொண்டதா, நீர் சுற்றிக்கொண்டு போகிறதா என்று ஆண்டுக்கணக்கில் பார்க்க ஆள் வேண்டும்.

அந்த ஆளாக இத்தனை வருடம் இருந்துவிட்டு, யாருடைய ஆள் என்று கேட்கப்படுவது வலிக்கிறது. குழாய் அதிர்கிற சத்தம் கேட்டால் ஊருக்கு நிம்மதி, எனக்குப் புரிகிறது. நான் பார்க்கும் கிணற்றில் போன மாதம் வினைல் குளோரைடு இன்னும் இருந்தது. வரும் திங்கட்கிழமை மாதிரி எடுக்கப் போகிறேன். நேற்று பேசியவர்களில் யாராவது கூட வருகிறீர்களா?