தேவகோட்டாவை எதற்காகக் கொண்டாட வேண்டும்

நேபாளத்தின் மகாகவி லட்சுமி பிரசாத் தேவகோட்டாவைப் பற்றிப் பேசுகிறவர்கள், 'சாகுந்தலம்' என்னும் பெருங்காப்பியத்தை அவர் மூன்றே மாதத்தில் எழுதி முடித்ததையும், 'சுலோசனா'வைப் பத்தே நாளில் எழுதியதையும்தான் பெரும்பாலும் முதலில் சொல்கிறார்கள். அந்த வேகம் வியப்புக்குரியதுதான். ஆனாலும், அவரைக் கொண்டாடுவதற்கு அது முதற்காரணம் ஆகாது என்பது என் உறுதியான கருத்து. புற்றுநோய்க்கு ஆளாகி, ஐம்பது வயது நிறைவதற்குள் 1959-இல் மறைந்த அவர், தம் நூல்களையெல்லாம் எரித்தாலும் 'முனா மத'னை மட்டும் விட்டுவையுங்கள் என்று சொன்னதாக நேபாளத்தில் இன்றும் நினைவுகூர்கிறார்கள்.

1936-இல் வெளிவந்த அந்தச் சிறு காவியத்தின் கதை எளிமையானது. பொருள் தேடித் திபெத்தின் லாசாவுக்குப் புறப்படும் மதனை, "பை நிறையப் பொன் இருந்தென்ன, அது கை அழுக்குதானே, கீரையும் காஞ்சொறியும் உண்டாலும் மன நிறைவோடு வாழ்வோம்" என்று சொல்லித் தடுக்கிறாள் மனைவி முனா. அவன் கேட்கவில்லை. வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கப் போகும் லட்சக்கணக்கான நேபாளிகளின் வீடுகளில் இன்றைக்கும் நடக்கும் பேச்சுதான் இது. சமஸ்கிருத அறிஞர் ஒருவரின் மகனாகப் பிறந்தும், பண்டிதர்கள் மதிக்காத 'ஜ்யாவ்ரே' என்னும் நாட்டார் மெட்டிலேயே இதை அவர் பாடினார். மலைக் கிராமங்களில் எழுத்தறியாதவர்களும் மனப்பாடமாகச் சொல்லும் நூலாக இது ஆனதற்கு அந்தத் துணிவே காரணம்.

என்னை மிகவும் உலுக்கும் இடம் லாசாவிலிருந்து திரும்பும் வழியில் வருகிறது. நோயில் விழுந்த மதனை உடன் வந்தவர்கள் கைவிட்டுப் போய்விட, திபெத்திய வழிவந்த போட்டே ஒருவர் தம் வீட்டுக்குத் தூக்கிச் சென்று காப்பாற்றுகிறார். அவர் காலைத் தொட்டு, சேத்ரி என்னும் உயர்சாதியில் பிறந்த மதன் சொல்கிறான்: "சேத்ரியின் மகன் இந்தப் பாதத்தைத் தொடுகிறான், அருவருப்போடு அல்ல, மனிதன் உள்ளத்தால் பெரியவன் ஆகிறான், சாதியால் அல்ல." இன்று மேடைதோறும் எளிதாக மேற்கோள் காட்டப்படும் இவ்வரியை அன்று எழுதியது எளிதன்று. 1854-ஆம் ஆண்டின் முலுகி ஐன் சட்டம் நாட்டு மக்கள் அனைவரையும் சாதி வரிசையில் நிறுத்தி, போட்டேக்களை அடிமையாக்கத் தக்கவர்களின் பிரிவில் வைத்திருந்தது. அடிமை முறை 1920-களில் ஒழிக்கப்பட்டாலும், அந்த வரிசை, பரம்பரைப் பிரதமர்களாக நாட்டை ஆண்ட ராணாக்களின் ஆட்சியில் சட்டமாகவே நீடித்தது.

ராஞ்சி மனநல மருத்துவமனையில் இருந்ததும், காசியில் இருந்துகொண்டு ராணாக்களை எதிர்த்ததும், 1957-இல் சில மாதங்கள் கல்வி அமைச்சராக இருந்ததும் அவர் வாழ்க்கையின் பெரிய நிகழ்வுகள்தாம். ஆயினும் என் கணக்கில் அவையெல்லாம் அந்த ஒரு காட்சிக்குப் பின்னரே வரும். அவர் மறைந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1963-இல் வந்த புதிய சட்டத்தில்தான் அந்தச் சாதி வரிசை நீக்கப்பட்டது.