ஒரு பாடத்தில் தவறினால் அந்த ஆண்டு முழுவதும் விளையாட முடியாதா?

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒரு பாடத்தில் தவறினாலே அணியிலிருந்து ஆண்டு முழுவதும் நீக்கப்படுவார் என்று பரவிவரும் செய்தி சரியன்று.

1984ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெற்ற 'தேர்ச்சி இல்லையேல் ஆட்டமில்லை' என்ற விதி கடுமையானதுதான். இயற்கணிதத்தில் 70க்குப் பதில் 69 வாங்கிய மாணவர், மற்றப் பாடங்களில் எவ்வளவு எடுத்திருந்தாலும், போட்டியில் இறங்க முடியாது. ஆனால் அந்தத் தடை தொடக்கத்தில் ஆறு வாரமாக இருந்து, 1995இல் மூன்று வாரமாகக் குறைக்கப்பட்டது. அம்மூன்று வார முடிவில் எல்லாப் பாடங்களிலும் தேர்ச்சி மதிப்பெண் இருந்தால், மேலும் ஏழு நாள் கழித்து அவர் களத்துக்குத் திரும்பலாம்.

வதந்தியைப் பரப்புவோர் விட்டுவிடும் செய்தி ஒன்று உண்டு: தடைக்காலத்திலும் அவர் அணியோடு பயிற்சி செய்யலாம். சட்டமே அதை அனுமதிக்கிறது. வழக்கமான பாடத்தைவிட உயர்ந்த தரத்தில் நடத்தப்படும் சில கடினமான வகுப்புகளுக்கு இவ்விதியிலிருந்து விலக்கும் உண்டு.

பயிற்சியாளர் மனம் வைத்தால் ஆடவிடலாம் என்பதும் தவறு. தகுதியற்றவரை இறக்கிய அணி, வென்ற ஆட்டத்தையே இழக்க நேரிடும்.