குவைத்திலிருந்து வந்த போன்

உங்கள் கட்டுரையில், அமெரிக்காவில் இரட்டைக் கோபுரம் உள்ளிட்ட இடங்களில் நடந்த 2001 செப்டம்பர் 11 தாக்குதல்களில் கிட்டத்தட்ட 3,000 பேர் இறந்ததை உருக்கமாக எழுதியிருக்கிறீர்கள். சரி, ஆனால் அதற்குப் பிறகு அமெரிக்கா நடத்திய ஈராக் போரை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்களே? விமானங்களைக் கடத்திய 19 பேரில் 15 பேர் சவூதிக்காரர்கள், ஈராக்கியர் ஒருவர்கூட இல்லை. ஈராக்கில் பேரழிவு ஆயுதம் இருக்கிறது என்று சொல்லி 2003 மார்ச்சில் அமெரிக்கர்கள் உள்ளே போனார்கள். கடைசிவரை அது கிடைக்கவேயில்லை.

அப்போது என் அண்ணன் குவைத்தில் வெல்டர். ஈராக் அங்கேயும் ஏவுகணை விட்டது. எங்களுக்குக் கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம் பக்கம். வளைகுடாவில் ஆள் இல்லாத வீடு குறைவு. பக்கத்து வீட்டு போனில் அண்ணன் பேசிக்கொண்டிருக்கும்போதே சைரன் ஊளையிட்டது, லைன் அறுந்தது. மரச்சீனி தோலுரித்த கையோடு ஓடிவந்திருந்த அம்மா, ரிசீவரை விடாமல் மகனை "மக்களே, மக்களே" என்று வெகுநேரம் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். ரிசீவர் முழுக்க மண்.