அந்த ஒரு உதையைத் தாண்டிப் பாருங்கள்

1968 மே 11, வெம்ப்ளி மைதானம். ரக்பி லீக் (அணிக்குப் பதின்மூன்று பேர் ஆடும் ரக்பி) சேலஞ்ச் கோப்பையின் இறுதி ஆட்டம். கொட்டிய மழையில் மைதானம் குளமாகிக் கிடக்கிறது. லீட்ஸ் 11, வேக்ஃபீல்டு 10. கடைசி நிமிடம். கோல் கம்பங்களுக்கு நேர் எதிரே வேக்ஃபீல்டின் டான் ஃபாக்ஸ். உதை உள்ளே போனால் கோப்பை வேக்ஃபீல்டுக்கு. பந்து விலகி ஓடுகிறது. மனிதர் அப்படியே சேற்றில் சரிகிறார்.

அந்தப் பழைய கறுப்பு வெள்ளைக் காட்சியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு மனசு கனத்துப்போகும். ஆனால் ஒரு வருத்தம். அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஃபாக்ஸோடு நின்றுவிடுகிறார்கள். ஜெயித்த லீட்ஸின் பயிற்சியாளர் யார் என்று யாரும் கேட்பதில்லை.

ராய் ஃபிரான்சிஸ். வேல்ஸ்காரர், கறுப்பினத்தவர். 17 வயதில் விகன் அணிக்கு ஆட வந்தார். மைதானத்தின் ஓரத்தில் ஓடும் மின்னல் வேக விங் ஆட்டக்காரர். 229 டிரைகள் (எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுப்பது) அடித்தவர். ஆனாலும் 1946-இல் ஆஸ்திரேலியா சென்ற பிரிட்டன் அணியில் அவர் பெயர் இல்லை. அன்றைய ஆஸ்திரேலியாவின் நிறவெறிக்குப் பயந்துதான் விட்டுவிட்டார்கள் என்பது பரவலான கருத்து. எனக்கும் வேறு காரணம் தெரியவில்லை. மறுவருடம் நியூசிலாந்துக்கு எதிராக ஒரே ஒரு டெஸ்ட் கிடைத்தது. அதில் இரண்டு டிரை! அதற்குப் பிறகும் அழைப்பு வரவில்லை.

அப்படி ஒதுக்கப்பட்டவர், பயிற்சியாளரானதும் செய்ததுதான் என்னைக் கட்டிப்போடுகிறது. போர்க்காலத்தில் ராணுவத்தில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்த அனுபவம் கையில் இருந்தது. ஆட்டங்களைப் படம்பிடித்து வீரர்களுக்குப் போட்டுக் காட்டினார். அவர்கள் மனநிலையைக் கவனித்தார். அவர்களின் குடும்பத்தாரும் ஆட்டம் பார்க்க வர வண்டி ஏற்பாடு செய்தார். இது 1950-களில்! மனைவி மக்கள் நிம்மதியாக இருந்தால்தான் வீரன் நிம்மதியாக ஆடுவான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் பயிற்சி கொடுத்த ஹல் அணி 1956-இலும் 1958-இலும் சாம்பியன் ஆனது. 1956 இறுதி ஆட்டத்தில் வித்தியாசம் ஒரே புள்ளி, 10-9.

வெம்ப்ளி வெற்றிக்குப் பிறகு அவர் போனது எங்கே தெரியுமா? ஆட்டக்காரராகக் கூட்டிப்போகாத அதே ஆஸ்திரேலியாவுக்கு, நார்த் சிட்னி அணியின் பயிற்சியாளராக. அங்கேயும் நிறவெறி விடவில்லை. திரும்பி வந்தார். 1975-இல் லீட்ஸுக்கு பிரீமியர்ஷிப் கோப்பையை வென்று கொடுத்தார்.

பிரிட்டனில் ஒரு தொழில்முறை அணிக்குப் பயிற்சியாளரான முதல் கறுப்பினத்தவர் என்று இன்று அவரைச் சொல்கிறார்கள். அவர் வளர்ந்த வேல்ஸ் ஊரான பிரின்மாரில் 2023-இல் சிலையும் வைத்தார்கள். அவர் இறந்தது 1989-இல். முப்பத்து நான்கு வருடம் கழித்துத்தானா?